கம்பனி மூடிவைத்ததை யார் வாயால் சொல்வது?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாதக் கடைசி ஞாயிறன்று கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த வருஷம் அறிவியல் கதை எழுதத் தொடங்கியவர்கள் பலர். அவர்கள் கொண்டுவரும் கதைகளின் எலும்புக்கூடு பெரும்பாலும் ஒன்றுதான். பெருமழைக்குப் பிறகு மலை சரிகிறது. மண்ணுக்குள்ளிருந்து இந்த உலகத்தைச் சேராத ஏதோ ஒன்று வெளியே வருகிறது. அது ஆபத்தானது. தேயிலைத் தோட்டத்தை நடத்தும் கம்பனிக்கு அது தெரியும், தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதுவரை எல்லோருக்கும் கை ஓடுகிறது. அடுத்த வரியில், இதைச் சொல்வது யார் என்ற இடத்தில், பேனா நின்றுவிடுகிறது. மஸ்கெலியாவிலிருந்து வரும் ஒரு தங்கச்சி ஒரே கதையை மூன்று விதமாகத் தொடங்கி மூன்றையும் என் கையில் கொடுத்து, "எதுன்னு நீங்களே சொல்லுங்கக்கா" என்று கேட்டாள். மற்றவர்களும் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டது இதைத்தான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் வைக்கிறேன். கொழுந்து எடுக்கும் பெண், ஆபீஸ் கிளாக்கர், வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர், வெறும் காகிதங்கள் என்று நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். நான்குக்கும் சோதனையாக ஒரே காட்சியை வைத்திருக்கிறேன். நாலாம் நம்பர் மலையில் கான் (வடிகால்) ஓரமாக ஒரு கல் கிடக்கிறது, மழை அதன்மேல் விழுந்தாலும் அது நனைவதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, தகவலுக்கும் சொல்பவருக்கும் இடையிலுள்ள தூரம். தோட்டத்தில் இந்தத் தூரத்தை நடந்தே அளந்துவிடலாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், அங்கிருந்து தேயிலை ஆலையான ஸ்டோர், ஸ்டோரிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களா, பங்களாவிலிருந்து கொழும்பு. மேலே போகும் செய்தி ஒவ்வொரு படியிலும் வேறு பெயர் எடுக்கிறது. கீழே வரும் செய்தி ஒவ்வொரு படியிலும் ஒரு வரி குறைகிறது. சொல்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று முடிவெடுத்தால் கதையின் பாதி முடிவாகிவிடும்.

இரண்டாவது, பயம் எங்கிருந்து வருகிறது என்பது. கல்லிலிருந்தா, கல்லைப் பற்றி யாரும் பேசாமலிருப்பதிலிருந்தா?

மூன்றாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பனி ஏன் மறைக்கிறது? எனக்கு வந்த கதைகளில் பெரும்பாலானவை இதைக் கேட்பதே இல்லை. கம்பனி என்றால் கெட்டது, கெட்டது என்றால் மறைக்கும், அவ்வளவுதான். வாசகர் அதை நம்பமாட்டார், நம்பவும் கூடாது. மறைப்பதற்குச் செலவு இருக்கிறது, ஆள் வேண்டும், ஆபத்தும் உண்டு. ஒரு கம்பனி அந்தச் செலவை ஏற்கிறதென்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கைக் கண்டுபிடிப்பது கதாசிரியரின் வேலை.

உண்மை உலகத்திலிருந்தே ஒன்று தருகிறேன். 2015இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறுகோள்களிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஓர் அமெரிக்கக் கம்பனி எடுத்துவரும் வளம் அந்தக் கம்பனிக்கே சொந்தம் என்கிறது அது. ஆனால் "வளம்" என்பதற்கு அந்தச் சட்டம் கொடுக்கும் வரைவிலக்கணத்தில் உயிரற்ற பொருள் மட்டும்தான் அடங்கும். உலோகமும் தண்ணீரும் சேரும், உயிருள்ளது சேராது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கம்பனி கோடிக்கணக்கில் கொட்டி ஏதோ ஒன்றைக் கொண்டுவருகிறது, அது அசைகிறது. அசைகிறது என்று எழுதினால் அதன்மீது அந்தச் சட்டம் தரும் உரிமை போகும். "கல்" என்று எழுதினால் உரிமை நிற்கும். பொய் சொல்லக் கெட்ட மனம்கூடத் தேவையில்லை, ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் கை போதும்.

நம் மலைகளுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் கொடுக்கப்பட்டன. நிலம் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரர். தேயிலை கம்பனியுடையது என்பதில் சந்தேகமில்லை. வானத்திலிருந்து விழுந்து மண்ணுக்குள் கிடந்தது யாருடையது? அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் குத்தகைக்காரருக்கு லாபம். உங்கள் கதைக்கு இந்த ஒரு காரணம் போதும்.

நான்காவது மொழி. ஐந்தாவது, எழுதத் தொடங்கும்போது கண்ணில் படாத செலவு. பத்தாவது பக்கத்தில் வந்து கையைப் பிடிப்பது அதுதான்.

## முதல் வழி: கொழுந்து எடுக்கும் பெண்

> கான் ஓரமா கெடந்துச்சு. மழ பேஞ்சு ஓஞ்ச நேரம். மத்த கல்லெல்லாம் நனைஞ்சு கறுத்திருக்கு, இது மட்டும் காஞ்சு கெடக்கு. கங்காணி, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற, நெரையப் பிடி"ன்னாரு. நான் நெரைக்குப் போயிட்டேன்.

தகவல் தூரம் இங்கே விசித்திரமானது. பொருளுக்கு மிக அருகில் நிற்பவர் இவர், பொருளின் பெயருக்கு மிகத் தூரத்தில் நிற்பவரும் இவரே. மலையில் என்ன மாறினாலும் முதலில் தெரிவது இவருக்குத்தான். அட்டை வழக்கமாக ஏறும் இடத்தில் ஏறாவிட்டால் தெரியும். கொழுந்தை ஒடிக்கும்போது வரும் சத்தம் மாறினால் விரலுக்குத் தெரியும். லயத்து ஆட்கள் குடம் பிடிக்கும் பீலித் தண்ணீரில் வாடை வந்தால் காலையில் முதல் குடம் பிடிப்பவருக்குத் தெரியும். ஆபீசுக்கு இவை எதுவும் தெரியாது. ஆபீசிடம் இருப்பது பெயர், இவரிடம் இருப்பது பொருள்.

இதைச் சொல்லும்போது எனக்கு என் அப்பா நினைவுக்கு வருகிறார். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அவர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தார். ஒருமுறை வந்த கேன்களில் ஒட்டியிருந்த தாள் உரிக்கப்பட்டிருந்தது. என்ன மருந்து என்று கேட்டதற்கு "புல்லு மருந்து" என்று பதில் வந்தது. அடுத்த கிழமை அவர் கால்விரல்களுக்கிடையில் தோல் வெள்ளையாகக் கழன்றது. டிஸ்பென்சரித் துண்டில் சேற்றுப்புண் என்று எழுதினார்கள். அப்பா அதன் வாசனையையும் நிறத்தையும், அது கைத்துணியில் காய்ந்தால் எப்படி மொறுமொறுப்பாகும் என்பதையும் சாகும்வரை துல்லியமாகச் சொல்வார். பெயர் மட்டும் அவருக்குத் தெரியாது, எனக்கும் இன்றுவரை தெரியாது. அவர் அறியாதவராக இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்தத் தாளை ஒரு கை உரித்தது. அறியாமை அங்கே செய்யப்பட்டது, மற்ற வேலைகளைப் போலவே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கப்பட்டது.

ஆகவே இந்த வழியை எடுப்பவர்களிடம் நான் கேட்பது இது. உங்கள் பெண்ணை ஒன்றும் தெரியாத அப்பாவியாக்காதீர்கள். அவருக்கு நிறையத் தெரியும், தெரிந்ததைச் செல்லுபடியாக்கும் காகிதம்தான் அவரிடம் இல்லை. பயம் அந்த இடைவெளியிலிருந்து வரட்டும்.

மறைசெலவு பெரியது. கல் என்ன, எங்கிருந்து வந்தது, எப்படிக் கொல்கிறது என்று விளக்க உங்களுக்கு ஆசை வரும். இவர் வாயால் விளக்க முடியாது. உடனே கதைக்குள் ஒரு டொக்டரையோ பேரப்பிள்ளையின் போனையோ கொண்டுவந்து விளக்கத் தோன்றும். அதைச் செய்த கணத்தில் கதை கையைவிட்டுப் போய்விடும். விளக்கம் இல்லாமலே முடிக்கத் துணிவிருந்தால் மட்டும் இந்த வழியை எடுங்கள்.

மொழியிலும் கவனம் வேண்டும். "கெடந்துச்சு" என்று தொடங்கியவர் மூன்றாம் பக்கத்தில் "காணப்பட்டது" என்று எழுதினால் வாசகர் உங்களைப் பிடித்துவிடுவார். யாழ்ப்பாணத்திலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் வாசகருக்குப் பிரட்டு, அரைப்பேர், கவ்வாத்து புரியாதே என்று அடிக்குறிப்புப் போடாதீர்கள். கிலோ குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்தது என்று எழுதி, அன்று மாலை கடையில் என்ன வாங்காமல் திரும்பினார் என்று எழுதினால் அரைப்பேர் யாருக்கும் புரியும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கும், அம்மாவோ ஆச்சியோ பேசுவதைக் காதால் கேட்டு எழுதக்கூடியவர்களுக்கும் ஏற்ற வழி இது. சிறுகதை அளவில் இதற்கு நிகரில்லை.

## இரண்டாம் வழி: ஆபீஸ் கிளாக்கர்

> செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் மலைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம் என்று துரை சொன்னார். செக்ரோலில் அந்த மலைக்கு நேரே என்ன எழுதுவது என்று கேட்டேன். "கவ்வாத்து" என்றார். அந்த மலையில் கவ்வாத்து முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

செக்ரோல் என்பது யார் எந்த மலையில் என்ன வேலை செய்தார் என்று பதியும் புத்தகம். கவ்வாத்து என்பது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் குறைப்பது, அதைச் சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் செய்வார்கள். நான்கு மாதத்தில் இன்னொரு கவ்வாத்து என்றால் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் பொய் தெரியும். ஆனால் கொழும்பில் அந்தக் காகிதத்தைப் பார்ப்பவருக்கு அது ஒரு சொல் மட்டும். மறைப்பு எப்படி நடக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இரும்புக் கதவும் ஆயுதம் தாங்கிய காவலாளியும் இல்லாமல், ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லால் நடக்கிறது.

இன்னொரு கருவியும் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மலையில் நிற்கும் கணக்கப்பிள்ளையிடம் ஒரு பொக்கெட் செக்ரோல் இருக்கும், ஆபீசில் பெரிய செக்ரோல் இருக்கும். சின்னப் புத்தகத்தில் அன்று நாலாம் நம்பர் மலையில் 12 பேர். பெரிய புத்தகத்தில் ஒருவரும் இல்லை. அந்த 12 பேருக்கும் அடுத்த கிழமை நடக்கப்போவது தோட்டத்துக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாதது என்று ஆகிவிடுகிறது. கதை முழுவதையும் இந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவிலேயே வைத்துவிடலாம்.

இவர் வாய் திறக்காமலிருப்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. இருக்கும் குவார்ட்டர்ஸ் தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். துரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், லயத்து ஆட்கள் "ஐயா" என்கிறார்கள். இரண்டு பக்கமும் அவருக்கு வேண்டும்.

இதன் மறைசெலவு மெல்லத்தான் தெரியவரும். கதை அவருடைய மனச்சாட்சியின் கதையாக மாறிவிடும். வாசகர் அவருக்காக இரங்கத் தொடங்குவார். 12 பேர் பெயரில்லாமல் பின்னால் போய் நின்றுவிடுவார்கள், அதாவது செக்ரோல் செய்த அதே வேலையை உங்கள் கதையும் செய்துவிடும். இதற்கு நான் கண்ட மாற்று ஒன்றுண்டு. அந்த 12 பெயர்களையும் ஒரு முறையாவது முழுதாக எழுதுங்கள். அப்பா பெயரோடு, அவர் எழுதும் வரிசையிலேயே.

முதல் அறிவியல் கதை எழுதுபவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். தகவல் கையில் இருக்கிறது, முழுதாக இல்லை. மொழி எழுத்துத் தமிழுக்கு நெருங்கியது. கதை தானாக நகரும்.

துரைக்கு உதவியாளரான சின்னத்துரையைச் சொல்பவராக வைக்கலாமா என்று இருவர் கேட்டார்கள். வைக்கலாம், சரித்திரத்திலேயே முன்மாதிரி உண்டு. மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குப் பயிற்சிக்கு வந்த பிரேஸ்கேர்டல் என்ற வெள்ளைக்கார இளைஞர் 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரை நாடு கடத்த ஆளுநர் உத்தரவிட்டார், உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் அவரைப் போன்றவரை வைத்தால் கதை மீட்பரைப் பற்றியதாகிவிடும். கிளாக்கர் இருக்கும்போது அவர் தேவையில்லை என்பது என் எண்ணம்.

## மூன்றாம் வழி: வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர்

> மாதிரியை 40 மடங்கு பெருக்கிப் பார்த்தேன். மேற்பரப்பில் இருந்தவற்றைத் துளைகள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவை இடம் மாறியிருந்தன.

எல்லோருக்கும் முதலில் கை போவது இதற்குத்தான். அறிவியல் கதை என்றால் அறிவியலாளர் வேண்டும் என்ற பழக்கம். பேராதனையிலிருந்து ஒரு பேராசிரியர் ஜீப்பில் வருவார், சோதிப்பார், அதிர்வார், கம்பனி மிரட்டும். எனக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன, அநேகமாக எல்லாமே உயிரில்லாமல் இருந்தன. விளக்கம் சுலபமாக வருகிறது, அந்தச் சுலபம்தான் கெடுக்கிறது. கல் என்னவென்று தெரிந்தவுடன் பயம் பாதியாகிறது.

இருந்தாலும் இந்த வழியைத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் இதற்கு இந்த மலைகளிலேயே பெரிய முன்கதை இருக்கிறது. 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போனது, அங்கே அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். இரண்டாவது சொல்லுக்குப் பொருள் பாழாக்குவது. காலநிலைக் கோளாறு என்றும், கோப்பி பழையபடி வரும் என்றும் பல தோட்டக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, அது பூஞ்சணம் என்றும் அதன் வித்திகள் காற்றில் போகின்றன என்றும், மலை மலையாக ஒரே பயிரை வைத்திருப்பதே அதற்கு வழி திறந்து கொடுக்கிறது என்றும் காட்டினார். கேட்டவர்களுக்கு வேண்டியிருந்தது மருந்து. அவரிடம் இருந்தது விளக்கம் மட்டும். 1884இல், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி சரிந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்த மலைகளிலிருந்து கோப்பியே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்நியமான ஒன்று, அதைக் கண்டுபிடித்தவர், அந்தச் செய்தியை விரும்பாத முதலாளிகள் எல்லாம் ஏற்கெனவே இங்கே நடந்திருக்கிறது. ஆராய்ச்சியாளரை எழுத விரும்புகிறவர் வார்ட்டின் அந்த இரண்டு வருஷங்களை முதலில் படிக்க வேண்டும்.

அறிக்கை எப்படிக் காணாமல் போகும் என்பதற்கும் உண்மைச் சம்பவம் உண்டு. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய பெண்கள் தூரிகை முனையை உதட்டால் கூராக்கும்படி பழக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய தாடை எலும்பு உளுக்கத் தொடங்கியதும் ரேடியம் கம்பனி ஹார்வர்டின் சிசில் டிரிங்கரை அழைத்து ஆராயச் சொன்னது. ரேடியம்தான் காரணம் என்று அவர் 1924இல் அறிக்கை கொடுத்தார். கம்பனி அதை வெளியிடவில்லை. மாநிலத் தொழில் திணைக்களத்துக்கு அந்த அறிக்கையின் பெயரால், பெண்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று சொல்லியனுப்பியது. அது தெரியவந்ததும் டிரிங்கர், வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலையும் மீறி, 1925இல் தன் ஆய்வைப் பிரசுரித்தார். கவனியுங்கள், அறிக்கை எரிக்கப்படவில்லை. அதன் பெயர் இருந்தது, தலைப்பு இருந்தது, முடிவு மட்டும் தலைகீழானது. உங்கள் வில்லன் கோப்பைத் தீயில் போடுவதைவிட இது பத்து மடங்கு பயங்கரம்.

மறைசெலவு படிப்புதான். இந்த வழியில் ஒரு தவறான தகவல் வந்தால் கதை முழுதும் விழும். 1967இன் விண்வெளி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வேற்றுலகப் பொருளால் பூமியின் சூழல் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும், தனியார் செய்கைக்கும் அரசே பொறுப்பு என்பதும் அதில் இருக்கின்றன. 1989இல் விண்வெளி ஆய்வாளர்கள் வகுத்த கோட்பாட்டின்படி, வேற்றுலக அறிவுயிரின் சமிக்ஞை என்று உறுதியானால் அதை உலகுக்கே திறந்து சொல்ல வேண்டும், ஆனால் அது கையெழுத்து மரியாதை மட்டும், எந்தக் கம்பனியையும் கட்டாது. இவற்றையெல்லாம் படித்து ஜீரணித்து, பிறகு கதையில் கால்வாசி மட்டும் காட்ட வேண்டும். நேரமிருப்பவர்கள் செய்யலாம்.

இன்னொன்று, வெளியாள் தோட்டத்துக்குள் எப்படி நுழைகிறார் என்பதே ஒரு கதை. அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் லயத்துப் பக்கம் போக முடியாது. தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போனதை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உங்கள் ஆராய்ச்சியாளர் ஜீப்பில் நேராக நாலாம் நம்பர் மலைக்கு ஏறிவிட்டால், கம்பனி எதையும் மறைக்கவில்லை என்றுதான் பொருள்.

## நான்காம் வழி: வெறும் காகிதங்கள்

> அறிவித்தல். நாலாம் நம்பர் மலைப் பீலியில் மறு அறிவித்தல் வரை தண்ணீர் எடுக்க வேண்டாம். பைப் திருத்த வேலை நடைபெறுகிறது.

சொல்பவர் என்று யாருமில்லை. அறிவித்தல், செக்ரோல் பக்கம், டிஸ்பென்சரித் துண்டு, கொழும்புக்குப் போன கடிதம், இன்ஷூரன்ஸ் படிவம் என்று அடுக்கிக்கொண்டே போவது. வாசகர்தான் துப்பறிய வேண்டும்.

தகவல் கட்டுப்பாட்டைப் பற்றிய கதைக்கு இந்த வடிவம் இயல்பானது, நமக்கு இன்னும் இயல்பானது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக அவருடைய கடன் எழுதிய துண்டு வேண்டும். தன்னைப் பற்றி எழுதிய, தன்னால் வாசிக்க முடியாத காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மலை மலையாக நடந்தவர்களின் பிள்ளைகள் நாம். இந்தியாவிலிருந்து கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் அவர்களை நோய்ச் சோதனைக்காகத் தடுத்து வைத்தார்கள், அங்கேயும் காகிதம்தான் பேசியது. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய மூவரை 21 நாள் தனிமைப்படுத்தியபோது உலகமே கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டியது. தனிமைப்படுத்தலுக்கும் தனிமைப்படுத்தலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை உங்கள் காகிதங்கள் காட்டலாம். கல்லைத் தொட்ட பெண்களை எங்கே வைத்தார்கள், என்ன பெயரில், யார் செலவில்?

எனக்கு மிகப் பிடித்த உத்தியும் இந்த வழியில்தான் வருகிறது. ஒரே அறிவித்தலைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒட்டுங்கள். தமிழில் ஒரு வரி குறையட்டும். கதையில் அதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம்.

மறைசெலவு இரண்டு. ஒன்று குளிர்ச்சி. பத்துப் பக்கம் காகிதம் படித்தவருக்கு ஒரு மனிதக் குரலாவது கேட்க வேண்டும் போலிருக்கும். மற்றது, காகிதம் இருந்தால் உண்மை வெளிவரும் என்ற நம்பிக்கையை இந்த வடிவம் தானாகவே கொண்டுவந்துவிடும். அது சரியில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததாகப் பிறகு செய்திகளில் வந்தது. எச்சரிக்கைக் காகிதம் இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. உங்கள் கதை "ரகசியம் வெளிவந்துவிட்டது" என்ற இடத்தில் முடிந்தால், அடுத்த நாள் காலையில் அந்த மக்கள் எங்கே தூங்கி எழுந்தார்கள் என்று நான் கேட்பேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கொழுந்து எடுப்பவர் | கிளாக்கர் | ஆராய்ச்சியாளர் | காகிதங்கள் |
|---|---|---|---|---|
| தகவல் தூரம் | பொருள் கையில், பெயர் தூரத்தில் | பாதித் தகவல் கையில் | பெயர் கையில், இடம் அந்நியம் | எல்லாம் உண்டு, சிதறிக் கிடக்கிறது |
| பயம் | உடம்பிலும் தண்ணீரிலும் | தன் கையெழுத்தில் | நுண்ணோக்கியில் | விடுபட்ட வரியில் |
| மொழி | பேச்சுத் தமிழ், கடைசிவரை | எளிய எழுத்துத் தமிழ் | கலைச்சொல் பாரம் | அலுவலகத் தமிழ் |
| மறைசெலவு | விளக்க முடியாது | மற்றவர்கள் மறைந்துபோவார்கள் | படிப்பு, பயம் குறைவு | குளிர்ச்சி |
| ஏற்ற அளவு | சிறுகதை | சிறுகதை, குறுநாவல் | நாவல் | குறுநாவல் |

கலந்து எழுதலாமா என்றால், இரண்டு வரை சரி. பெண்ணின் குரலுக்கு நடுவில் அவருக்கு வாசித்துக் காட்டப்படும் அறிவித்தல்கள் நன்றாகப் பொருந்தும். மூன்றைக் கலந்த கதைகளில் நான் படித்தவை ஒன்றும் கைகூடவில்லை.

தோட்டத்தில் வாழ்ந்திராதவர்கள் முதல் வழியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்களுக்குக் காகிதங்கள் நல்லவை. ஆபீஸ் மொழி எங்கும் ஒன்றுதான், அதைக் கற்றுக்கொள்வதும் சுலபம். நாவல்தான் எழுதுவேன், இரண்டு வருஷம் கொடுப்பேன் என்பவர் ஆராய்ச்சியாளரை எடுக்கலாம், ஆனால் அவரைப் பேராதனையிலிருந்து ஜீப்பில் கொண்டுவராமல், அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, படித்து, கம்பனி சம்பளத்திலேயே திரும்பி வருபவராக வையுங்கள். அப்போது அவர் பெயரையும் அறிவார், பொருளையும் அறிவார், அவருடைய அம்மா நாலாம் நம்பர் மலையில் நிற்பார்.

இடத்தைப் பற்றியும் பலர் கேட்டதால் ஒரு சொல். கற்பனைத் தோட்டம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நிலம் உண்மையாக இருக்கட்டும். பழைய மஸ்கெலியா நகரம் மௌசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. தண்ணீர் இறங்கும் வருஷங்களில் பழைய கோயில் வெளியே தெரியும், பார்க்க ஆட்கள் நடந்து போவார்கள். மறைந்ததும் வெளிப்படுவதும் அங்கே கண்ணெதிரே நடக்கின்றன. சரிவுக்குப் பதிலாக அந்தச் சேற்றிலிருந்தே உங்கள் கல் வரலாம்.

இனி மஸ்கெலியாத் தங்கச்சிக்கு. உன் முதல் தொடக்கத்தில் டொக்டர் வருகிறார், ஏழு பக்கம். அதை எடுத்துவிடு. இரண்டாவது, துரையின் டயறி. நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் அந்த மனிதர்மேல் உனக்கே அக்கறையில்லை என்பது தெரிகிறது. மூன்றாவதில், இரண்டாம் பக்கத்து நடுவில், உன் அம்மா குடத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கானில் ஊற்றுகிறார். அதற்கு முன்னால் இருக்கும் ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டிவிட்டு அந்த வரியில் தொடங்கு. அறிவித்தலை அடுத்த நாள் ஒட்டட்டும். கடைசி ஞாயிறு வரும்போது பத்துப் பக்கம் கொண்டுவா.